பதின்மூன்று வருடப் படிப்பும் எட்டரை வருட அறிவும்

"பொம்புளப் புள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதுக்கு? உத்தியோகம் பார்த்து உழைக்கவா போறா?"

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் எமது வீடுகளில் இன்னும் கேட்கின்ற கேள்வி இது. முன்னரைவிட இப்போது குறைந்திருக்கிறது. என்றாலும் மறைந்துவிடவில்லை. ஆண் பிள்ளையின் விடயத்தில் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும். "இன்னும் ரெண்டு வருஷம் படிச்சு என்ன வரப்போகுது? கடையில நின்டா இப்பவே நாலு காசு தேடலாமே!"

இப்படிக் கேட்பவர்களை விளக்கமற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது இலகு. ஆனால் உலகின் பெரிய பொருளியல் அறிஞர்கள் அறுபது வருடங்களுக்கும் மேலாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பதும் இதே கேள்விக்காகத்தான். பாடசாலைக்காக ஒரு நாடு செலவிடும் பணமும், பிள்ளைகள் அங்கே கழிக்கும் வருடங்களும் திரும்பி வரும்போது என்னவாக வருகின்றன? எவ்வளவு வருகின்றன? எந்தப் படியால் அதை அளப்பது? மனிதர்களிடம் சேர்ந்திருக்கும் கல்வி, திறமை, உடல் நலம் ஆகியவற்றுக்கு அவர்கள் "மனித மூலதனம்" என்று பெயர் வைத்தார்கள். அந்த மூலதனத்தில் கல்வியின் பங்கு எவ்வளவு என்று அளக்கப் பல வழிகளையும் கண்டார்கள். அவர்கள் கண்ட வழிகளிலும், எமது வீட்டுக் கேள்வியிலும் ஒரே குறை இருக்கிறது. இரண்டுமே உழைப்பை, அதாவது கைக்கு வரும் சம்பளத்தை, முதலில் பார்க்கின்றன.

ஒரு முதிய தம்பதியின் கணக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த காலம். அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த தியோடர் ஷூல்ட்ஸ் என்பவர், கிராமங்களுக்குச் சென்று விவசாயிகளை விசாரித்து வந்தார். அப்போது வறிய முதிய தம்பதியர் இருவரைச் சந்தித்தார். அவர்களுடைய கையில் சொல்லும்படியாக ஒன்றும் இருக்கவில்லை. ஆயினும் இருவருடைய முகத்திலும் ஒரு நிறைவு இருந்தது. காரணம் கேட்டபோது, தாங்கள் ஏழைகள் அல்லர் என்றே அவர்கள் சொன்னார்கள். நிலத்தின் வளத்தையெல்லாம் செலவழித்து நான்கு பிள்ளைகளைக் கல்லூரிவரை படிக்க வைத்துவிட்டார்கள். அந்தப் படிப்பைக் கொண்டு பிள்ளைகள் பயனுள்ளவர்களாக வாழ்வார்கள் என்பதே அவர்களது பதில்.

இந்தப் பதில் ஷூல்ட்ஸின் மனதில் ஆழமாகப் பதிந்தது. நிலத்தில் இருந்த செல்வம் அழிந்துவிடவில்லை; பிள்ளைகளுக்குள் இடம் மாறியிருக்கிறது. ஆனால் நாட்டின் கணக்குப் புத்தகத்தில் நிலம் ஒரு சொத்து, பிள்ளைகளின் படிப்போ வெறும் செலவு! இது அவருக்குத் தைத்ததற்கு அவருடைய சொந்த வாழ்க்கையும் காரணமாக இருந்திருக்கலாம். எட்டாம் வகுப்போடு அவரைப் பாடசாலையிலிருந்து நிறுத்தியவர் அவருடைய தந்தை. மூத்த மகன் மேலும் படித்தால் வயலுக்குத் திரும்பமாட்டான் என்று பயந்தாராம். எமது கடைத்தெருக்களில் பல வாப்பாமாருக்கு இருக்கின்ற அதே பயம்தான்.

போரில் தரைமட்டமான ஜேர்மனியும் ஜப்பானும் எவரும் எதிர்பாராத வேகத்தில் எழுந்து நின்றதையும் ஷூல்ட்ஸ் கவனித்தார். தொழிற்சாலைகள் இடிந்துபோயின, தொழில் தெரிந்த மனிதர்கள் எஞ்சியிருந்தார்கள். 1960 இல் அமெரிக்கப் பொருளியலாளர்களின் சங்கத்தில் தலைமையுரை ஆற்றியபோது, கல்வி என்பது செலவல்ல, முதலீடு என்று அவர் வாதிட்டார். 1979 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதனைப் "மூலதனம்" என்று சொல்வது அவனை இயந்திரத்தோடும் மாட்டோடும் சேர்த்துப் பேசுவதாகாதா என்று அக்காலத்தில் பலர் முகம் சுளித்தார்கள். 1964 இல் "மனித மூலதனம்" என்ற பெயரிலேயே நூல் எழுதிய கேரி பெக்கர், அந்தத் தலைப்பை வைப்பதா வேண்டாமா என்று தயங்கியதாகப் பின்னர் தமது நோபல் உரையில் குறிப்பிட்டிருக்கிறார். அந்தத் தயக்கம் நியாயமானதே. இதற்குப் பின்னர் வருகிறேன்.

எந்தப் படியால் அளப்பது?

முதலீடு என்று சொல்லிவிட்டால் எவ்வளவு என்ற கேள்வி வந்துவிடும். இதில் பழைய முயற்சிகள் சுவையானவை. 1853 இல் இங்கிலாந்தின் வில்லியம் ஃபார் என்பவர், ஒருவர் இனி வாழ்நாளில் உழைக்கப்போகும் தொகையைக் கணக்கிட்டு, அதிலிருந்து அவருடைய வாழ்க்கைச் செலவைக் கழித்து, மீதியே அவரது பெறுமதி என்றார். முப்பது வருடங்கள் கழித்து ஜேர்மனியின் எர்ன்ஸ்ட் எங்கல் மறுபக்கத்திலிருந்து வந்தார். ஒரு பிள்ளையை 25 வயதுவரை வளர்த்தெடுக்கப் பெற்றோருக்கு என்ன செலவாகிறது என்று கூட்டிப் பார்த்தார். ஆனால் செலவைக் கொண்டு பெறுமதியைச் சொல்வது, கோழிக்குப் போட்ட தீனியை நிறுத்து முட்டையின் விலையைச் சொல்வது போன்றது. அடிக்கடி நோயில் விழுகின்ற பிள்ளைக்குச் செலவு அதிகம். அதனால் அந்தப் பிள்ளைக்குப் பெறுமதி கூடிவிடுமா?

1962 இல் எட்வர்ட் டெனிசன் என்ற அமெரிக்கர் செய்த கணக்கு பிரசித்தமானது. 1929 முதல் 1957 வரை அமெரிக்காவின் தேசிய வருமானம் வளர்ந்த வேகத்தில் கல்வியின் பங்கு நூற்றுக்கு 23 என்றார் அவர். எப்படிக் கண்டார்? அதிகம் படித்தவரின் சம்பளத்தையும் குறைவாகப் படித்தவரின் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்தார். அந்த வித்தியாசம் முழுவதும் படிப்பால் வந்தது என்று சொல்ல முடியாது. இயல்பான திறமை, குடும்பப் பின்னணி என்றெல்லாம் இருக்கின்றன. ஆகவே வித்தியாசத்தில் ஐந்தில் மூன்று பங்கை மாத்திரம் கல்விக்குக் கொடுத்தார். ஏன் ஐந்தில் மூன்று? அது அவரது அனுமானம். இத்தகைய பெரிய கணக்குகளின் அடியில் இப்படியொரு அனுமானம் உட்கார்ந்திருப்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

1974 இல் ஜேக்கப் மின்சர் இதை இன்னும் சீராக்கினார். ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவரின் சம்பளம் எத்தனை வீதம் கூடுகிறது என்று பார்க்கும் அவரது சமன்பாடு இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இது வருடமொன்றுக்குச் சராசரியாக 8 முதல் 9 வீதம் வரை வருகிறது. பெண்களுக்குச் சற்று அதிகமாகவே வருகிறது. கடையில் நிற்கப் போகும் மகனுடைய வாப்பாவுக்குக் கொடுக்கக்கூடிய ஒரு பதில் இதில் இருக்கிறது. இன்று கைக்கு வரும் நாலு காசு கண்ணுக்குத் தெரியும். முப்பது வருடங்களுக்கு வருடா வருடம் வராமல் போகின்ற காசு எவர் கண்ணுக்கும் தெரியாது.

ஆனால் மகளின் உம்மாவுக்கு இதில் என்ன பதில் இருக்கிறது? சம்பளத்தால் அளக்கும்போது, சம்பளம் வாங்காதவளின் படிப்பு பூச்சியமாகிவிடுகிறது. உயர் தரத்தில் உயிரியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கின்ற தாயும், ஆறாம் வகுப்போடு நின்ற தாயும் இந்தக் கணக்கில் ஒன்றே. 2018 இல் உலக வங்கி வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகத்தின் மொத்தச் செல்வத்தில் நூற்றுக்கு 64 பங்கு மனித மூலதனம். கட்டடங்கள், எண்ணெய்க் கிணறுகள், காடுகள், நிலங்கள் எல்லாம் சேர்ந்தும் அதற்குக் குறைவுதான். அந்த மனித மூலதனத்தில் பெண்களின் பங்கு நூற்றுக்கு 38 மாத்திரமே. உலகில் பாதிப்பேர் பெண்கள் என்றால் பாதிப் பங்கு ஏன் இல்லை? பெண்களின் மூளையில் குறையில்லை. உழைப்பைக் கொண்டு அளந்ததால் வந்த விடை அது. 1980களின் இறுதியில் டேல் ஜோர்கன்சன், பார்பரா ஃப்ரோமெனி ஆகிய இருவரும் அமெரிக்காவுக்காகச் செய்த கணக்கில், சம்பளத்துக்கு வெளியே கழியும் நேரத்துக்கும் விலை போட்டுச் சேர்த்தார்கள். ஆனால் நாடுகளின் உத்தியோகபூர்வக் கணக்குகளில் அந்த வழி இன்னும் பிரதான இடம் பெறவில்லை.

நைஜீரியாவில் கண்டது

சம்பளம் என்ற கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தவர் ஜோன் கால்ட்வெல் என்ற அவுஸ்திரேலியக் குடித்தொகை ஆய்வாளர். நைஜீரியாவின் இபாதான் நகரில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 1979 இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகள் எந்த வீட்டில் இறக்கின்றன, எந்த வீட்டில் பிழைக்கின்றன என்பதே கேள்வி. வீட்டின் வசதி, தந்தையின் தொழில், தந்தையின் படிப்பு என எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்த பின்னரும் தாயின் படிப்பு தனித்து நின்றது. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில், ஒரே ஆஸ்பத்திரிக்கு அருகில் வாழ்ந்த இரண்டு வீடுகளில் பாடசாலைக்குப் போன தாயின் பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்தார்கள்.

ஏன்? கிருமி பற்றிய பாடம் படித்ததாலா? அது மட்டுமல்ல என்றார் கால்ட்வெல். படித்த தாய், பிள்ளையின் நோயை விதி என்று விட்டுவிடாமல் நேரத்தோடு கவனிக்கிறாள். வைத்தியரிடம் சென்று கேள்வி கேட்கிறாள். குணமாகாவிட்டால் மீண்டும் போகிறாள். எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னொன்று. கூட்டுக் குடும்பத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் வழமையாக மாமியோ வீட்டின் மூத்தவர்களோதான். பாடசாலைக்குப் போன மருமகளின் சொல்லுக்கு வீட்டில் ஓர் இடம் கிடைக்கிறது. படிப்பு அவளுக்குக் கொடுத்தது தகவலை மட்டுமல்ல, "இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொல்லும் தைரியத்தையும்தான். இதை எந்தச் சம்பளப் பட்டியலில் போய்த் தேடுவது?

1986 இல் அதே கால்ட்வெல் இன்னொரு கட்டுரையில், வருமானம் குறைவாக இருந்தும் மரணங்களைக் குறைத்துக் காட்டிய மூன்று இடங்களை எடுத்து ஆராய்ந்தார். ஒன்று கேரளம், மற்றொன்று கொஸ்டாரிக்கா, மூன்றாவது எமது இலங்கை! மூன்றிலும் அவர் கண்ட பொது அம்சங்களில் முதன்மையானது பெண் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பியது. கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பலன் இது. 1946 இல் இந்நாட்டில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் முதல் வருடத்தைத் தாண்டவில்லை. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் குறைவு. மலேரியா ஒழிப்பு, இலவச ஆஸ்பத்திரி, வீடு தேடி வரும் மருத்துவ மாது ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் மருத்துவ மாது வாசலுக்கு வந்து சொன்னதைக் கேட்டு விளங்கி, கிளினிக் அட்டையை வாசித்து, திகதி தவறாமல் ஊசி போடக் கொண்டுபோனது யார்? எங்கள் உம்மாமாரும் மூத்தம்மாமாரும்தானே!

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. "சரி, நல்ல தாயாவதற்காகப் பெண் படிக்கட்டும்" என்று இந்த ஆய்வுகளைக் காட்டியே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் அரைக் கணக்குத்தான். 1997 இல் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியது போல, கல்வியால் ஒருவரின் உற்பத்தி கூடாவிட்டாலும், வாசிக்கவும், விவாதிக்கவும், தெரிந்து தெரிவு செய்யவும், பிறர் மதிக்கும்படி வாழவும் அவரால் முடிகிறது. அதுவே ஒரு பலன். மருந்துச் சீட்டையும் காணி உறுதியையும் மற்றவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் தானே வாசிக்கின்ற ஒரு விதவைக்கு அந்தப் படிப்பு யாருடைய மூலதனமும் அல்ல. அவளுடைய உடைமை அது. மனிதனை மூலதனம் என்று அழைக்கத் தயங்கியவர்களின் தயக்கம் இங்கேதான் நியாயமாகிறது.

நாற்பது ரூபாய் எங்கே போனது?

இனி எமது நாட்டின் இன்றைய கணக்குக்கு வருவோம். உலக வங்கி 2018 முதல் "மனித மூலதனச் சுட்டெண்" என்ற ஒன்றை வெளியிட்டது. 2020 பதிப்பில் 174 நாடுகள் இடம்பெற்றன. இலங்கைக்குக் கிடைத்தது 0.60. இதன் பொருளை ரூபாயில் சொல்லலாம். பூரண கல்வியும் பூரண ஆரோக்கியமும் கிடைத்தால் 100 ரூபாய்க்கு உழைக்கக்கூடிய ஒரு பிள்ளை, இன்றைய நிலையில் வளர்ந்தால் 60 ரூபாய்க்கே உழைக்கும். மீதி 40 ரூபாய் எங்கே போனது?

நோய்க்கும் மரணத்துக்கும் போயிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. இந்நாட்டில் 100 குழந்தைகளில் 99 குழந்தைகள் ஐந்து வயதைக் கடக்கின்றன. பதினைந்து வயதில் இருப்பவர்களில் 100 க்கு 90 பேர் அறுபதை எட்டுவார்கள் என மதிப்பிடப்பட்டது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 100 க்கு 17; இது கவலைக்குரியதுதான். வங்கியின் சூத்திரத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தால், இவையெல்லாம் சேர்ந்து எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 4 ரூபாய்.

பாடசாலை வருடங்கள் குறைந்ததால் போயிருக்குமோ? அதுவும் இல்லை. நான்கு வயதில் முன்பள்ளிக்குப் போகும் எமது பிள்ளை 18 வயதுக்குள் 13.2 வருடங்கள் படிக்கும். உச்சமே 14 வருடங்கள்தான். இதனால் போவது 6 ரூபாய்.

மிச்சம் 30 ரூபாய். அது போகுமிடம் வகுப்பறை! பிள்ளைகள் 13.2 வருடங்கள் பாடசாலையில் இருக்கிறார்கள்; ஆனால் அங்கே கற்றுக்கொள்வதை அளந்தால் அது எட்டரை வருடங்களுக்கே சமம் என்கிறது அந்தச் சுட்டெண். 625 புள்ளிகளை உயர்ந்த தேர்ச்சி என்று வைத்த அளவுகோலில் எமது பிள்ளைகளின் புள்ளி 400. சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே ஒரு பிள்ளை படிப்பது 13.9 வருடங்கள். எமக்கும் அவர்களுக்கும் வருடத்தில் வித்தியாசம் ஒரு வருடம்கூட இல்லை. ஆனால் அவர்களது 13.9 வருடம் 12.8 வருடமாக நிற்கிறது, சுட்டெண் 0.88. எங்களது 13.2, எட்டரையாகக் கரைந்துவிட்டது.

இந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நாடுகளுக்கிடையே நடக்கும் பெரிய பரீட்சைகளில் இலங்கை நேரடியாகப் பங்குபற்றியிருக்கவில்லை. வேறு சோதனையின் புள்ளிகளை அந்த அளவுகோலுக்கு மாற்றியே 400 என்ற எண் பெறப்பட்டது. ஒவ்வொரு வருடக் கல்விக்கும் 8 வீதம் என்று வைத்ததும் ஓர் அனுமானமே. மேலும் இது கொவிட் தொற்றுக்கு முந்திய நிலைமை. 2020 மார்ச்சிலிருந்து பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததும், 2022 இல் பெற்றோல் இல்லாமல் ஆசிரியர்களும் பிள்ளைகளும் போக வழியின்றித் தவித்ததும் இதில் சேரவில்லை. அந்தக் காலத்திலும் பிள்ளைகள் வகுப்பேற்றப்பட்டார்கள். வருடக் கணக்கில் குறைவேதும் இல்லை. ஆக, எண் சற்று முன்பின்னாக இருக்கலாம். ஆனால் அது சுட்டிக்காட்டும் நோய் இல்லை என்று, வகுப்பறையில் நிற்கின்ற எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார்.

அரபுக் கல்லூரியில் இலக்கணம் கற்பிக்கின்ற எனக்கும் இது புதிதல்ல. ஒரு நூலின் மூலத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒப்புவிக்கும் மாணவனிடம், அன்றைய அரபுப் பத்திரிகையில் ஒரு பந்தியைக் கொடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் விழிப்பான். ஒப்புவித்தது வீணல்ல. ஆனால் ஒப்புவித்தலும் விளங்குதலும் வேறு வேறு. பாடசாலையிலும் நிலைமை வேறில்லை. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளை விடியற்காலையும் பின்னேரமும் டியூசன் வகுப்புகளில் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து தள்ளுகிறது. வினாவின் வடிவம் பழகிவிடுகிறது, வாசிப்பு வளர்வதில்லை. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதம்வரை ஒதுக்குமாறு 2015 இல் இன்சியோன் நகரில் நாடுகள் கூடி உடன்பட்டன. எமது அரசாங்கங்கள் அண்மைய வருடங்களில் ஒதுக்கி வந்தது 2 வீதத்தை ஒட்டியே. மீதியை டியூசன் கட்டணமாக வீடுகள் கட்டுகின்றன. நகையை அடகு வைத்துக் கட்டுகின்ற உம்மாவின் பணமும், இரவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காரும் அவளுடைய நேரமும் அரசாங்கச் செலவுக் கணக்கில் வருவதில்லை.

படித்தவர்கள் எங்கே?

சுட்டெண்ணில் எமது பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிட மேலே நிற்கிறார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி. பல்கலைக்கழக அனுமதி பெறுகின்றவர்களிலும் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பெண்களே. ஆனால் நாட்டின் தொழிற்படையில் வயதுவந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரே இருக்கிறார்கள். ஆண்களில் நூற்றுக்கு எழுபது பேரளவில். வீட்டில் இருப்பது சிலரது விருப்பம். அதை மதிக்க வேண்டும். ஆனால் பிள்ளையைப் பாதுகாப்பாக விட ஓரிடம் இல்லாததாலும், மாலையில் திரும்பிவரப் பாதுகாப்பான பஸ் இல்லாததாலும், "ஊர் என்ன சொல்லும்" என்பதாலும் வீட்டில் இருப்பவர்களை அந்த விருப்பக் கணக்கில் சேர்த்து எழுதிவிட முடியாது.

இன்னொரு கூட்டம் விமானம் ஏறுகிறது. பொருளாதாரம் சரிந்த 2022 இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குச் சென்றார்கள். 2024 இல் வெளிநாட்டில் உழைப்போர் நாட்டுக்கு அனுப்பிய தொகை 650 கோடி டொலருக்கும் அதிகம். இந்த டொலர் கணக்கில் வரும். இலவசக் கல்வியில் உருவான வைத்தியரையும் பொறியியலாளரையும் செலவில்லாமல் பெற்றுக்கொண்ட நாட்டின் இலாபம் கணக்கில் வராது. வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போன தாயின் பிள்ளை இங்கே மூத்தம்மாவின் கையில் வளரும்போது அதன் படிப்பில் ஏற்படுகின்ற பள்ளமும் வராது.

ஒரே ஒரு காகிதம்

வருடங்களை எண்ணாமல் கற்றதை அளப்பதென்றால் பெரிய பரீட்சை மண்டபம் தேவை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 இல் ஒரு காரியம் செய்தது. பாடசாலைகளுக்குப் போகாமல் கிராமம் கிராமமாக வீடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பியது. அவர்கள் கையில் ஒரே ஒரு காகிதம். அதில் சில எழுத்துக்கள், சில சொற்கள், முதலாம் வகுப்புக்குரிய சிறு பந்தி, இரண்டாம் வகுப்புக்குரிய ஒரு சிறு கதை. பிள்ளையை அருகில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார்கள். பிள்ளை வீட்டில் இருப்பதால் உம்மாவும் அயலவர்களும் சுற்றி நின்று பார்ப்பார்கள். 2018 இல் இப்படிப் பார்த்தபோது, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரால் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடியவில்லை. ஐந்து வருடம் ஒழுங்காகப் பாடசாலைக்குப் போனவர்கள்! தங்கள் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அன்றுதான் கண்ட தாய்மார் பலர். பின்னர் பாகிஸ்தானிலும், கென்யா, தன்சானியா, உகண்டா ஆகிய நாடுகளிலும் இதே முறையைக் கையாண்டார்கள்.

இதற்குத் தொண்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் என்றால், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை அயல் வீட்டில் கேட்டு வாங்குங்கள். அவர் ஏற்கெனவே படித்த பாடமாக இருந்தால் மனனமாக ஒப்புவித்துவிடுவார். ஆகவே சிறுவர் சஞ்சிகையிலுள்ள, அவர் பார்த்திராத ஒரு கதை இன்னும் நல்லது. ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இடையில் திருத்த வேண்டாம். முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கதையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பின்னர் ஒரு கடைச் சிட்டையைக் கொடுத்து, ஆயிரம் ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். தடுமாறினால் ஏச வேண்டாம். வகுப்பாசிரியையிடம் போய், எந்த இடத்தில் தடுமாறினார் என்பதைச் சொல்லுங்கள். தவணைப் பரீட்சையில் 80 புள்ளி எடுத்த பிள்ளையையும் இப்படி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வாசிக்க உங்களுக்கே சிரமம் என்றால், மூத்த மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரத்தோடு நிறுத்துவதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் அதே மகளைத்தான் சொல்கிறேன்.